லிங்கை அழுத்தினால் ஃபைல் திறக்க வேண்டுமா, இறங்க வேண்டுமா? முடிவு உங்கள் கையில்

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள் தேடும்போது பார்த்திருப்பார்கள். ஒரு லிங்கை அழுத்தினால் வினாத்தாள் பிரவுசரிலேயே விரியும். இன்னொன்றை அழுத்தினால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும், ஆனால் ஃபைல் சத்தமில்லாமல் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குள் போய் இருந்துவிடும். அது தெரியாமல் திரும்பத் திரும்ப அழுத்தி, ஒரே வினாத்தாள் (1), (2), (3) என்று வால் முளைத்துக் கிடக்கும், டேட்டாவும் வீணாய்ப் போகும்.

இதை இரண்டு இடங்கள் தீர்மானிக்கின்றன. ஃபைலை அனுப்புகிற சர்வர், அது என்ன வகை என்பதோடு, "கொன்டென்ட் டிஸ்பொசிஷன்" என்ற வரியில் ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்பலாம்: "இன்லைன்" என்றால் திறந்து காட்டு, "அட்டாச்மென்ட்" என்றால் இறக்கி வை. குறிப்பு இல்லாவிட்டால் பிரவுசர் தன் செட்டிங்ஸ்படி நடக்கும். படம், பிடிஎஃப் போன்றவற்றைத் தானே காட்டும், ஸிப் ஃபைலை இறக்கிவிடும்.

முதலில் குரோம். கம்பியூட்டரில் வலப்பக்க மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி செட்டிங்ஸுக்குப் போங்கள். அங்கே பிரைவசி அன்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், கீழே இறங்கினால் அடிஷனல் கொன்டென்ட் செட்டிங்ஸ், அதற்குள் பிடிஎஃப் டொக்கியூமென்ட்ஸ். டவுன்லோட் ஆக வேண்டுமா, குரோமில் திறக்க வேண்டுமா என்று இரண்டு தெரிவு இருக்கும், வேண்டியதைத் தொடுங்கள். அப்புறம், செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய், ஒவ்வொரு ஃபைலையும் எங்கே சேமிப்பது என்று கேட்கச் சொல்லும் தெரிவையும் போட்டுவிடுங்கள். எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் இதைப் போட்ட பிறகு உங்களுக்குத் தெரியாமல் ஒன்றும் இறங்காது.

பயர்பொக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், அதில் அப்ளிகேஷன்ஸ் பட்டியல். பிடிஎஃப் வரிக்கு எதிரே பயர்பொக்ஸில் திற, சேமி, ஒவ்வொரு தரமும் கேள் என்றெல்லாம் இருக்கும். ஆனால் 2022இல் வந்த 98ஆம் பதிப்பிலிருந்து ஒரு மாற்றம்: அட்டாச்மென்ட் குறிப்போடு வருகிற பிடிஎஃப், திறந்து காட்டப்பட்டாலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு பிரதி விழுந்திருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலியிலோ கே.கே.எஸ். வீதியிலோ ஒரு கொம்யூனிகேஷன் கடையில் உட்கார்ந்து விண்ணப்பப் படிவம் பிரின்ட் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் அடையாள அட்டை இலக்கம், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் உள்ள அந்த ஃபைல், அடுத்து வந்து உட்காருகிறவருக்கும் தெரிகிற மாதிரி அங்கேயே கிடக்கும். எழும்ப முன்னர் கன்ட்ரோல் கீயோடு ஜே எழுத்தை அழுத்துங்கள், டவுன்லோட் பட்டியல் வரும், அதிலிருந்து ஃபோல்டரைத் திறந்து, ஃபைலைத் தெரிவு செய்து ஷிஃப்ட்டும் டிலீட்டும் சேர்த்து அழுத்தினால் ரீசைக்கிள் பின்னுக்குள் கூடப் போகாமல் அழியும். தயவுசெய்து இதைப் பழக்கமாக்குங்கள்.

செட்டிங்ஸைத் தொடாமலே ஒரு லிங்கை மட்டும் இறக்க வேண்டுமா? மவுஸின் வலது பட்டனை அழுத்தி "சேவ் லிங்க் அஸ்" கொடுங்கள். ஃபோனில் லிங்கின் மேல் விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் டவுன்லோட் தெரிவு வரும். "நூலகம்" என்ற இணைய நூலகத் தளத்தில் பழைய ஈழத்துப் புத்தகங்களை எடுக்கும்போது இது நல்ல வசதி, பிடிஎஃப் லிங்குக்குப் பக்கத்திலேயே அளவையும் போட்டிருப்பார்கள், பெரிய புத்தகமாக இருந்தால் வைஃபை கிடைக்கும்போது இறக்கி வைத்துவிட்டு கரண்ட் இல்லாத நேரத்திலும் வாசிக்கலாம். ஆனால் கூகுள் டிரைவ் லிங்கில் இந்த வேலை சரிவராது. அந்த லிங்க் ஃபைலுக்குப் போவதில்லை, ஃபைலைக் காட்டும் பக்கத்துக்குத்தான் போகிறது, ஆகவே வெறும் வலைப்பக்கம்தான் சேமிக்கப்படும். அதைத் திறந்து, மேலே உள்ள கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்துங்கள்.

டியூட்டரி நோட்ஸை டிரொப்பொக்ஸில் போட்டுப் பகிரும் ஆசிரியர்களுக்கு வேலை மிகச் சுலபம். லிங்கின் கடைசியில் 0 இருக்கும். அதை 1 ஆக்கி அனுப்பினால் நேரே இறங்கும்.

சொந்தமாகத் தளம் வைத்திருப்பவர்கள், லிங்க் டேக்கில் "டவுன்லோட்" என்ற ஒரு சொல்லை ஆங்கிலச் சிறிய எழுத்தில் சேர்த்தால் போதும். ஃபைலும் அதே தளத்தில் இருக்க வேண்டும், வேறு தளத்து ஃபைல் என்றால் குரோம் 2018இல் வந்த 65ஆம் பதிப்பிலிருந்து அந்தச் சொல்லைக் கணக்கில் எடுப்பதில்லை. அப்படியான இடத்தில் ஃபைல் இருக்கும் சர்வரில்தான் அட்டாச்மென்ட் குறிப்பைப் போட வேண்டும். ஃபைலின் பெயர் தமிழில் இருந்தால் அந்தக் குறிப்பில் யூடிஎஃப்-8 முறையில் எழுதுங்கள், இல்லாவிட்டால் இறங்கும்போது பெயர் குழம்பிப் போகலாம். போட்டு முடித்ததும் குரோம், பயர்பொக்ஸ், ஒரு ஃபோன் மூன்றிலும் அழுத்திப் பார்த்துவிட்டுப் பகிருங்கள்.