நூலகத் தலைமைப் பயிற்சி பெற்றவர்கள் மீண்டும் கூடுவதற்கு

நூலகர்களுக்கான தலைமைப் பயிற்சிகள் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய நிதியில் சில ஆண்டுகள் நடந்து பிறகு நின்றுவிடுகின்றன. கேட்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் 2011இல் தொடங்கிய 'இனெலி' (INELI) என்ற, புதுமை நாடும் நூலகர்களுக்கான பன்னாட்டு வலையமைப்பின் தெற்காசியப் பயிற்சியைச் சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்தியது. அந்த அறக்கட்டளையோ 2018 அளவில் தன் உலகளாவிய நூலகத் திட்டத்தையே முடித்துக்கொண்டது. அதன்பின் எஞ்சுவது உடன் பயின்றவர்களின் தொடர்புதான் என்பதால், மீள்சந்திப்பைப் பயிற்சியின் தொடர்ச்சியாகவே திட்டமிட வேண்டும்.

முதல் சிக்கல் தேதி. தமிழகப் பொது நூலகங்களில் பெரும்பாலானவற்றுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, கல்லூரி நூலகர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆகவே எந்த நாளைக் குறித்தாலும் ஒரு சாரார் அனுமதி கேட்டுத்தான் வர வேண்டியிருக்கும். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12 பொருத்தமான நாளாகத் தோன்றும். ஆனால் அன்று ஒவ்வொருவருக்கும் சொந்த நூலகத்திலேயே விழா இருக்கும் என்பதால் அதற்கு அடுத்த வாரமே நல்லது. இரண்டு மாதங்களுக்கு முன்பே, நிகழ்ச்சி நிரலை இணைத்து, ஒவ்வொருவருடைய மேலதிகாரிக்கும் முறையான அழைப்புக் கடிதம் அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்தியைக் காட்டிப் பணிநிமித்த அனுமதி பெற முடியாது. தற்செயல் விடுப்பைச் செலவழித்து வரும் நிலை யாருக்கும் ஏற்படக் கூடாது.

இடத்திற்கு அதிகம் அலைய வேண்டாம். திருச்சி போல எல்லாத் திசையினருக்கும் நடுவே அமைந்த ஊரில் ஒரு நூலகக் கூடம் கிடைத்தால் போதும். காலை பத்தரைக்குத் தொடங்கி மாலை நான்குக்குள் முடித்தால், தொலைவிலிருந்து வருபவர்களும் இரவுக்குள் ஊர் திரும்பலாம்.

சந்திப்பின் உயிர் முற்பகல் அமர்வில் இருக்கிறது. பயிற்சியின்போது ஒவ்வொருவரும் ஒரு செயல்திட்டம் எழுதியிருப்பார்கள். அதில் எது நடந்தது, எது நின்றது, எதனால் நின்றது என்பதை எட்டுப் பேர் கொண்ட குழுக்களாக அமர்ந்து, ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும். வெறும் கையோடு வராமல், அந்தத் திட்டத்தின் தடயமாக ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கள் சந்திப்பில் ஊர்ப்புற நூலகர் ஒருவர் சிறுவர் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்தார்: முதல் மாதப் பக்கங்களில் பென்சிலில் கோணல்மாணலாக எழுதிய பெயர்கள் நிறைந்திருந்தன, அவர் மாறுதலாகிச் சென்ற மாதத்திலிருந்து தாள்கள் வெறுமையாகக் கிடந்தன. அவர் விளக்கவே தேவையிருக்கவில்லை. பொறுப்பை அடுத்தவரிடம் எழுத்தில் ஒப்படைப்பது எப்படி என்பதைப் பற்றியே உணவு நேரம் வரை பேசினோம், அன்றைய மிகப் பயனுள்ள உரையாடலும் அதுதான்.

இப்படி மனம்விட்டுப் பேச வேண்டுமானால் அந்த அமர்வில் அதிகாரிகளோ புகைப்படக்காரரோ இருக்கக் கூடாது. மாவட்ட நூலக அலுவலர் போன்ற விருந்தினர்களைக் கடைசி அரை மணி நேரத்திற்கு அழைத்து, குழுக்கள் எடுத்த முடிவுகளையும் தேவைப்படும் உதவிகளையும் மட்டும் அவர்கள் முன் வையுங்கள். பொன்னாடைகளுக்கு ஆகும் பணத்தைத் தொலைவிலிருந்து வருபவர்களின் பேருந்துச் செலவுக்குக் கொடுப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து.

ஒரு வாரத்திற்குள் வரவு செலவுக் கணக்கையும் இரண்டு பக்கக் குறிப்பையும் அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள். வராதவர்களுக்கு அனுப்புவதோடு நிறுத்தாமல், தொலைபேசியில் அழைத்து அவர்களுடைய திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டு, அந்தப் பதிலையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.