மோதும் கேலக்ஸிகளைச் சுற்றித் தெரியும் மங்கலான மேகம்: ஏமாறும் இடங்கள்

இரண்டு கேலக்ஸிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும் படத்தில் ஓரமாக ஒரு நீலப் புகை தெரிந்தால் மனசு துள்ளும். துள்ளட்டும், அது இல்லாமல் யாராலும் ஆயிரக்கணக்கான படங்களைப் பொறுமையாகப் பார்க்க முடியாது. ஆனால் பெயர் வைக்கும் முன்பு சில இடங்களில் நின்று பாருங்கள்.

முதலாவது, நிறத்தை அப்படியே நம்புவது. 2007-இல் நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்க்கெல், பொதுமக்கள் கேலக்ஸிப் படங்களைப் பார்த்து வகைப்படுத்தும் கேலக்ஸி ஸூ இணையத் திட்டத்தில் ஐ.சி. 2497 என்ற கேலக்ஸிக்குப் பக்கத்தில் கவனித்த மேகம், ஸ்லோன் வான ஆய்வின் படத்தில் நீலமாக இருந்தது. நீலம் என்றால் இளம் விண்மீன்கள் என்றுதான் தோன்றும். உண்மையில் அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் விடும் பச்சை ஒளி, 500.7 நானோமீட்டர், செம்பெயர்ச்சியால் (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் கூடுவது) சுமார் 526-க்கு நகர்ந்தும் பச்சை வரையிலான ஒளியை விடும் ஜி ஃபில்டருக்குள்ளேயே விழுகிறது, ஸ்லோன் படங்களில் ஜி-க்குக் கொடுத்திருக்கும் நிறம் நீலம், அவ்வளவுதான். அதே மேகம் 0.12 செம்பெயர்ச்சியில் இருந்திருந்தால் அடுத்ததான, சிவப்புப் பக்கத்து ஆர் ஃபில்டருக்குள் போய், ஸ்லோன் படங்களில் ஆர்-க்குக் கொடுத்திருக்கும் பச்சை நிறத்தில் தெரிந்திருக்கும். அதனால் வண்ணப் படத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு ஃபில்டராக மாற்றிப் பாருங்கள். ஜி-யில் தெளிவாக நின்ற திட்டு, ஆர்-க்கு மாற்றியதும் பின்புலத்தோடு கரைந்துவிட்டால் வாயு என்று சந்தேகிக்கலாம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் பெரும்பாலும் விண்மீன்கள், அல்லது தூசி.

அந்தத் தூசிதான் என் கணக்கில் பெரிய பொறி. நம் பால்வீதியிலேயே மெல்லிய தூசி மேகங்கள் இழை இழையாகத் தொங்குகின்றன, விண்மீன் ஒளியைச் சிதறடித்து, பார்க்க அச்சு அசலாகக் கேலக்ஸியிலிருந்து பிய்ந்த வால் மாதிரியே இருக்கும். 1965-இல் வானியலாளர் ஹால்டன் ஆர்ப் எம்81 கேலக்ஸி அருகே கண்ட வளையம், பக்கத்துக் கேலக்ஸியான எம்82-உடனான இழுபறியில் பிறந்தது என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. பிற்பாடு பார்த்தால் அதன் ஒளியில் பெரும்பகுதி பால்வீதித் தூசியிலிருந்து வருவதாகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கத்தால்தான் இதில் மாட்டுகிறோம். சிறிதாக்கிப் பாருங்கள், அரை பாகை அளவுக்காவது. கேலக்ஸியே இல்லாத பக்கத்திலும் அந்த இழை தொடர்ந்து போகிறதா? அப்புறம் அதே இடத்தை ஐராஸ், வைஸ் விண்வெளித் தொலைநோக்கிகளின் அகச்சிவப்பு வரைபடங்களோடு ஒப்பிடுங்கள், தூசி அங்கே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

கருவி செய்யும் வேலையும் உண்டு. பிரகாசமான விண்மீன் ஒன்று பக்கத்தில் இருந்தால் அதன் ஒளி லென்சுகளுக்குள் எதிரொளித்து வட்டமாகவோ வடை போலவோ ஒரு நிழலுருவை விடும். வேறொரு தொலைநோக்கியின் படத்தில் அதே இடத்தில் அது இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் அடிக்கடி நடக்கிறது: தெரியவில்லை, ஆகவே இல்லை என்று முடிவு கட்டுவது. இருண்ட வானமே சதுர விகலைக்கு (விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) சுமார் 22 மேக்னிட்யூட் ஒளி விடுகிறது; இந்த அளவையில் எண் கூடக் கூட ஒளி மங்கும். கேலக்ஸிகளிலிருந்து பிய்ந்த வால்கள் பல 27 வாக்கில் இருக்கும், அதாவது வானத்தின் ஒளியில் நூறில் ஒரு பங்கு. வான ஒளியைக் கழிக்கும் மென்பொருள் கொஞ்சம் அதிகமாகக் கழித்தாலும் வால் போயே போச்சு. பெரிய கேலக்ஸியைச் சுற்றி இயல்புக்கு மாறான கருவளையம் தெரிந்தால் அங்கே எதையோ கழித்துத் தள்ளியிருக்கிறது என்று பொருள்.

பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மோதுகின்றன என்றும் நினைக்காதீர்கள். ஸ்டீஃபன் ஐவர் கூட்டம் என்று ஒட்டியபடி தெரியும் ஐந்து கேலக்ஸிகளில் என்.ஜி.சி. 7320 சுமார் 4 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, மற்ற நான்கும் 29 கோடி வாக்கில். இரண்டு கேலக்ஸிகளின் செம்பெயர்ச்சியையும் பார்த்துவிடுங்கள், அது பெரிதும் வேறுபட்டால் இரண்டும் வெவ்வேறு தூரத்தில் இருக்கின்றன; ஒரு நிமிட வேலை.

சரி, இத்தனையையும் தாண்டி ஒரு திட்டு நின்றால் அதற்கு நிறமாலை, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவு, வேண்டும். அந்த ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் கோடும், அதில் மூன்றில் ஒரு பங்கு வலிமையோடு அதன் 495.9 கோடும், இரண்டும் பக்கத்துக் கேலக்ஸியின் செம்பெயர்ச்சியிலேயே நகர்ந்து நின்றால், அந்த மேகம் அந்தக் கேலக்ஸியுடையதுதான்.