சி டிரைவ் சிவந்துபோனால்: 3 ஜிபியிலிருந்து 78 ஜிபி வரை

போன மாதம் ஆதம்பாக்கத்திலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். “மாமா, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் சேவ் ஆக மாட்டேங்குது. சி டிரைவ் செவப்பா இருக்கு.” விண்டோஸ் இருக்கிற சி டிரைவில் காலியிடம் பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், அதன் அளவைக் காட்டும் பட்டையை விண்டோஸ் சிவப்பாக்கிவிடும். அவளிடம் மிச்சம் இருந்தது 3 ஜிபி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் காட்டியிருக்கிறாள். 1 டிபி எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) மாற்றினால்தான் சரிவரும் என்றார்களாம். “கொஞ்சம் பொறு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்” என்றேன். இரண்டு மணி நேரம், இரண்டு டம்ளர் காபி. செய்ததை அப்படியே வரிசையாக எழுதுகிறேன். அவளுடையது விண்டோஸ் 11.

இடையில் அக்காவுக்கு ஒரு சந்தேகம்: “256 ஜிபின்னு சொல்லித்தானேடா காசு வாங்கினான், இதுல 238தான் காட்டுது?” யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

1. எதையும் அழிக்காதீர்கள், முதலில் பாருங்கள்

“பெரிய ஃபைல் எதுவுமே இல்ல மாமா, நான் படம்கூட டவுன்லோட் பண்றதில்ல” என்றாள். எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள், உண்மையாகவும் இருக்கும். இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் நாம் கண்ணால் பார்க்காத ஃபோல்டர்தான்.

அதற்கு விஸ்ட்ரீ என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். சொந்த உபயோகத்துக்கு இலவசம். இதே வேலையைச் செய்கிற வின்டிர்ஸ்டாட் எனக்குப் பழைய சிநேகிதன், ஆனால் இப்போதெல்லாம் விஸ்ட்ரீதான். டிஸ்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் ஏற்கெனவே ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. விஸ்ட்ரீ அதை நேரடியாகப் படித்துவிடுவதால் சில விநாடிகளில் முடித்துவிடும். “உங்கள் கணினியில் 1,400 பிழைகள்” என்று சிவப்பில் பயமுறுத்துகிற கிளீனர்கள் பக்கமே போகாதீர்கள். ரெஜிஸ்ட்ரியை, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டை, சுத்தம் செய்து சேமிக்கிற இடத்தில் ஒரு நல்ல போட்டோகூட அடங்காது.

பெரியதிலிருந்து சிறியது வரை பட்டியல் வந்தது. யூசர்ஸுக்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் ஆப்பிள் கம்ப்யூட்டர், அதற்குள் மொபைல்சிங்க், அதற்குள் பேக்கப்: 41 ஜிபி! இரண்டு வருடம் முன்பு அத்திம்பேர் தன் ஐபோனை இந்த லேப்டாப்பில் செருகி பேக்கப் எடுத்திருக்கிறார். அந்த போனே இப்போது அவரிடம் இல்லை. ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் இவள் கண்ணில் படவே இல்லை. அத்திம்பேரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஐட்யூன்ஸைத் திறந்து எடிட், ப்ரிஃபரன்ஸஸ், டிவைசஸ் போய் அங்கிருந்தே அழித்தோம். பட்டை நீலமாகிவிட்டது. உண்மையில் பாதி வேலை அங்கேயே முடிந்தது.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று பூதாகாரமாகத் தெரியும். அது விண்டோஸின் சொந்தப் பாகங்கள் இருக்கும் இடம், கை வைக்காதீர்கள்.

2. டெம்பரரி ஃபைல்ஸ், அதில் ஒரு குழி

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் டிக் போட ஒரு கட்டம்.

இங்கே நிதானம் வேண்டும். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும். டெம்பரரி என்ற தலைப்பின் கீழே இருப்பதால் அதுவும் குப்பை என்று நினைத்துவிடத் தோன்றும். நான் நினைத்தேன். மூன்று வருடம் முன்பு, அவசரத்தில், மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றிலும் டிக் போட்டு ரிமூவ் அழுத்தினேன். இப்படி அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. வீட்டுக் கடனுக்காக ஸ்கேன் செய்து வைத்திருந்த தாய்ப்பத்திரம், 64 பக்கம், போயே போய்விட்டது. வாட்ஸ்அப் வெப்பில் வந்ததை அப்படியே சேமித்திருந்தேன். பிரவுசர் வழியாகச் சேமிப்பதெல்லாம் டவுன்லோட்ஸில்தானே விழும்? மறுபடி ஒரிஜினலை எடுத்துக்கொண்டு சைதாப்பேட்டை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மடிப்பில் இற்றுப்போயிருந்த முத்திரைத்தாளைக் கடைக்காரப் பையன் ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் விரித்து வைக்க வைக்க, எனக்கு வயிறு கலங்கியது.

ஆகவே, டவுன்லோட்ஸில் டிக் வேண்டாம். ரீசைக்கிள் பின்னையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு டிக் செய்யுங்கள். தம்ப்நெயில்ஸ், டெலிவரி ஆப்டிமைசேஷன், விண்டோஸ் அப்டேட் கிளீனப் எல்லாம் தாராளமாகப் போகலாம். கடைசியில் சொன்னது நேரம் எடுக்கும், நடுவில் மூடிவிடாதீர்கள்.

இன்னொன்று, ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்ஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதல்லவா? இவள் ஆறப்போட்டு, போன் செய்வதற்கு முந்தைய வாரம்தான் 11-க்கு மாறியிருக்கிறாள். பழைய விண்டோஸ் முழுவதும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தது, 22 ஜிபி. பத்து நாளில் தானாகவே போய்விடும். அதுவரை வைத்திருப்பது, புதியது பிடிக்கவில்லையென்றால் திரும்பிப் போவதற்காக. இவளுக்குத் திரும்பும் எண்ணமில்லை, அழித்துவிட்டோம். பழைய பிரின்டர் புதியதில் ஓடுகிறதா என்று பார்க்காமல் நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

3. ஹைபர்நேட் ஃபைல்

இதை நான் மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் போனில்தான் சொன்னேன். ஹைபர்நேட் என்றால், திறந்திருக்கும் வேலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுக் கணினி அணைந்துவிடுவது. அதற்காக விண்டோஸ் எப்போதும் ஒரு ஃபைலை ஒதுக்கி வைத்திருக்கும், வழக்கமாக ராமின் அளவில் 40 சதவீதம். இவளுக்கு ராம் 16 ஜிபி, எனவே ஆறு ஜிபிக்கு மேல்.

ஸ்டார்ட்டில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்று தேடி, ரைட் கிளிக் செய்து, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுங்கள். சாதாரணமாகத் திறந்தால் நடக்காது. இவள் முதலில் அப்படித்தான் திறந்து, “ஏதோ எரர் வருது மாமா” என்றாள். அப்புறம் அடிக்க வேண்டியதைப் போனில் சொன்னபடியே சொல்கிறேன்: ‘பவர்’ என்ற ஆங்கிலச் சொல், அதோடு ஒட்டி சி, எஃப், ஜி. ஒரு இடைவெளி. வலப்பக்கம் சாயும் கோடு, ஒட்டி ஹெச். ஒரு இடைவெளி. ‘ஆஃப்’. என்டர். எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனால் முடிந்தது.

கணினியைச் சீக்கிரம் திறக்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் இதோடு போய்விடும், எஸ்எஸ்டி இருந்தால் பெரிய குறையாகத் தெரியாது. ஆனால் ஒரு விஷயம். கத்திரி வெயிலில் கரண்ட் போய், தளர்ந்த பேட்டரியோடு வேலை பார்க்கிறவரா நீங்கள்? பேட்டரி சாகப்போகிற நேரத்தில் திறந்திருக்கும் வேலையைக் காப்பாற்றுவது இந்த ஹைபர்நேட்தான். ஆறு ஜிபிக்கு ஆசைப்படாமல் விட்டுவிடுங்கள்.

4. ஒன்டிரைவ்

ஒன்டிரைவ் என்பது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு (கிளவுட்). இடம் வேண்டுமென்று அந்த ஃபோல்டரில் இருப்பதை டெலீட் செய்தால் கிளவுடிலிருந்தும் போய்விடும், அதே கணக்கில் இருக்கும் போனிலிருந்தும் போய்விடும். செய்ய வேண்டியது: ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ஃப்ரீ அப் ஸ்பேஸ். பக்கத்தில் மேக அடையாளம் வந்தால் ஃபைல் கிளவுடில் மட்டும் இருக்கிறது, தொட்டால் இறங்கும். தவறி அழித்தவர்கள் ஒன்டிரைவ் இணையதளத்தின் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். சொந்தக் கணக்கில் 30 நாள் இருக்கும்.

எல்லாம் முடிந்து காலியிடம் 78 ஜிபி. எஸ்எஸ்டி வாங்கவில்லை.

பிறகு சேர்த்தது: இதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டார்: “பென் டிரைவில் 50 ஜிபி காலி இருக்கிறது, 6 ஜிபி கல்யாண வீடியோவை மாற்றப் போனால் ஃபைல் பெரிது என்கிறதே?” அந்தப் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும். உள்ளே இருப்பதை வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு, ரைட் கிளிக், ஃபார்மட், எக்ஸ்ஃபேட் என்று கொடுங்கள். ஹாலில் இருக்கும் பழைய டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம், அதற்கு வேறு பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ ஏறியதும் லேப்டாப்பில் இருப்பதை உடனே அழிக்காதீர்கள். பென் டிரைவைக் கழற்றி மறுபடி செருகி, முகூர்த்தம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு அழியுங்கள்.