பின் பொருந்தினால் போதாது: லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் போடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்சார ஸ்கூட்டருக்குப் பஞ்சமில்லை. ஓசூரில் டிவிஎஸ்ஸும் ஏத்தரும் தயாரிக்கிறார்கள், போச்சம்பள்ளி பக்கம் ஓலா தொழிற்சாலை இருக்கிறது. வண்டி இங்கே தயாராகிறது என்பதற்காக அதற்குச் சார்ஜ் போடவும் நமக்குத் தானாகத் தெரிந்துவிடுமா என்ன? பழுதாகி என் மேசைக்கு வரும் பேட்டரி பேக்குகளில் பெரும்பாலானவை ஓட்டிக் கெட்டவை அல்ல, சார்ஜ் போட்டே கெட்டவை. புதிதாக வண்டி வாங்கியவர்களைப் பார்க்கும்போது, நாங்கள் எல்லாம் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் அடித்த அதே கூத்து மறுபடி நடப்பது தெரிகிறது.

ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள், மழையில் நனையவிட்டுச் சார்ஜ் போடாதீர்கள் என்பதெல்லாம் வண்டியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய சார்ஜரை லித்தியத்துக்கு மாட்டுவது

சில தவறுகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. சார்ஜரின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒரு தடவை படித்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவர் வந்தார். அவருடையது மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத, லைசென்ஸோ பதிவெண்ணோ தேவைப்படாத வகை வண்டி. முன்பு அதில் ஆசிட் பேட்டரி இருந்தது. அது போனதும் லித்தியம் பேக் போட்டிருந்தார்.

"போட்டு ஒரு வருஷம்கூட ஆகலண்ணா. தோட்டத்துக்குப் போயிட்டு மண்டிக்கு வர்றதுக்குள்ள நின்னுடுது."

சார்ஜரைக் கொண்டுவரச் சொன்னேன். வந்தது ஆசிட் பேட்டரிக்கு வாங்கிய பழைய சார்ஜர்.

"இதுவும் அறுபது வோல்ட்டுதானே? பின்னு கரெக்டா உட்காருது. பச்சை லைட்டும் எரியுது."

சரி, லித்தியம் பேக்கோடு கொடுத்த புதுச் சார்ஜர் எங்கே என்று கேட்டால், மச்சானுக்குக் கொடுத்துவிட்டாராம். மச்சான் வண்டியில் இருப்பது ஆசிட் பேட்டரி.

பேக்கைப் பிரித்தேன். நீல பிளாஸ்டிக் உறையைக் கீறியதுமே நெயில் பாலிஷ் போல இனிப்பாக ஒரு வாடை. பேக்குக்குள் இருக்கும் சின்னச் சின்ன பேட்டரிகளான செல்களில் ஏதோ ஒன்று கசிகிறது என்று அர்த்தம். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்திருக்கும் செல் வரிசைகளில் ஒவ்வொன்றாக மீட்டர் வைத்தால், பதினாறு வரிசையில் இரண்டு மட்டும் இரண்டு வோல்ட்டுக்கும் கீழே கிடந்தன, மற்றவை நான்குக்கு மேலே. பேக்கைக் காவல் காக்கும் பி.எம்.எஸ். போர்டில், ஸ்விட்ச் போல வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட்டின் கால் கறுத்துப்போயிருந்தது.

என்ன நடந்தது? வண்டியில் எழுதியிருக்கும் 60 வோல்ட் ஒரு நடுவாந்தர அளவுதான். சார்ஜர் எந்த வோல்ட்டில் போய் நிற்க வேண்டும் என்பது வேறு எண். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகை லித்தியம் செல் ஒன்றுக்கு உச்சம் 4.2 வோல்ட், இரும்பு பாஸ்பேட் கலந்த எல்.எஃப்.பி. வகைக்கு 3.65 வோல்ட். ஆக, பதினாறு வரிசை என்.எம்.சி. பேக் 67.2 வோல்ட்டில் நிரம்பிவிடும், பதினேழு வரிசை என்றால் 71.4. ஐந்து ஆசிட் பேட்டரிகளுக்குச் செய்த சார்ஜரோ 73 வோல்ட்டையும் தாண்டும். அதைப் பதினாறால் வகுத்துப் பாருங்கள். செல்லுக்கு நான்கரை வோல்ட்டுக்கு மேல் வருகிறது.

போதாததற்கு, இரண்டு சார்ஜர்களும் வேலை செய்யும் விதமே வேறு. லித்தியம் சார்ஜர் முதலில் ஒரே அளவு கரண்ட்டைக் கொடுக்கும். உச்ச வோல்ட் வந்ததும் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் நிறுத்திவிடும். ஆசிட் சார்ஜர் அப்படி விடாது. ஆசிட் பேட்டரி சும்மா நின்றாலும் சார்ஜ் இறங்கும் என்பதால், நிரம்பிய பிறகும் லேசாக ஊட்டிக்கொண்டே இருக்கும். சில சார்ஜர்கள் தகட்டில் படிந்த சல்ஃபேட்டை உடைக்கிறேன் என்று இடையிடையே உயர் வோல்ட்டில் துடிப்புகளையும் அனுப்பும். லித்தியத்துக்கு இதில் எதுவும் ஆகாது.

"பி.எம்.எஸ். இருக்கே, அது கட் பண்ணிடுமே?" என்று இந்த இடத்தில் எல்லோரும் கேட்பார்கள். பண்ணும். அதனால்தான் அந்தக் காவேரிப்பட்டணத்துக்காரரின் வீடு இன்னும் நிற்கிறது. ஆனால் அது கடைசித் தடுப்பு. சாதாரணமாக இந்த போர்டுகள் செல் 4.25 வோல்ட் அளவுக்குப் போன பிறகுதான் துண்டிக்கும். தினமும் அதுவரை ஏற்றி ஏற்றி இறக்கினால் செல் எப்படித் தாங்கும்? துண்டிக்கும் வேலையைச் செய்வது அந்த மாஸ்ஃபெட். தினம் தினம் அடி வாங்கிய மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் திறந்த நிலையில் சாகாது, ஷார்ட் ஆகி வழியை மூடாமலே செத்துப்போகும். அதற்குப் பிறகு தடுக்க ஆளில்லை. அவர் நம்பிய பச்சை லைட்டுக்கும் மதிப்பில்லை. போர்டு துண்டித்ததும் கரண்ட் நின்றது, நிரம்பிவிட்டதாக நினைத்துச் சார்ஜர் பச்சை காட்டியது, அவ்வளவுதான்.

மச்சான் கதை என்ன ஆயிற்று? 67.2 வோல்ட்டை ஐந்து பேட்டரிக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 13.4 வோல்ட்தான். ஆசிட் பேட்டரி சரியாக நிரம்ப 14 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். மாதக்கணக்கில் அரை வயிற்றோடு ஓடி, தகட்டில் சல்ஃபேட் படிந்து, அதுவும் கையை விரித்துவிட்டது. ஒரு சார்ஜர் இடம் மாறியதில் இரண்டு வீட்டுப் பேட்டரி காலி.

இதைவிட மோசமானது லித்தியத்துக்குள்ளேயே மாற்றி மாட்டுவது. இங்கே "லித்தியம் சார்ஜர்தானே" என்று மனசு சமாதானமாகிவிடும். 48 வோல்ட் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பதிமூன்று வரிசை என்.எம்.சி. பேக்குக்கு 54.6 வோல்ட் சார்ஜர். பதினாறு வரிசை எல்.எஃப்.பி. பேக்குக்கு 58.4 வோல்ட் சார்ஜர். முன்னதை எல்.எஃப்.பி.க்குப் போட்டால் பேக் முழுசாக நிரம்பாது, எல்லா வரிசைகளையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவந்து சமப்படுத்தும் வேலையும் தொடங்காது. நஷ்டம் அதோடு முடிந்தது. பின்னதை என்.எம்.சி.க்குப் போட்டால் செல்லுக்கு ஏறக்குறைய 4.5 வோல்ட். தீ வைப்பதற்கு இதைவிட நேர் வழி கிடையாது.

எனவே சார்ஜர் ஸ்டிக்கரில் அவுட்புட் என்ற இடத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 54.6, 67.2, 71.4, 84 என்று இருந்தால் என்.எம்.சி. கணக்கு. 58.4, 73, 87.6 என்றால் எல்.எஃப்.பி. கணக்கு. பேக்கில் ஒட்டியிருக்கும் சார்ஜிங் வோல்ட்டும் இதுவும் புள்ளி வரை ஒன்றாக இருக்க வேண்டும். வெறுமனே 48, 60, 72 என்று மட்டும் அச்சடித்த சார்ஜரை நம்பி மாட்டாதீர்கள். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தாலும் அளந்து சொல்லிவிடுவார். பேட்டரி மாட்டாமல் வோல்ட் காட்டாத சார்ஜர்களும் உண்டு. அவற்றைக் கடையில்தான் பார்க்க வேண்டும்.

விலை குறைந்த பல வண்டிகளில் சார்ஜிங் சாக்கெட், கம்ப்யூட்டருக்குப் போடும் அதே மூன்று பின் சாக்கெட். எந்தப் பின் பிளஸ், எந்தப் பின் மைனஸ் என்பதில் ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் ஒற்றுமை இல்லை. அது கிடக்கட்டும், வீட்டில் கம்ப்யூட்டர் வயர் சும்மா தொங்கினால் சின்னப் பையன் 230 வோல்ட்டை நேராக பேக்கில் மாட்டிவிட முடியும். இப்படி ஒரு சாக்கெட்டைத் தேர்ந்தெடுத்தவரை நான் நேரில் பார்க்க வேண்டும். அந்த வயரை வீட்டில் கண்ணில் படாமல் வையுங்கள்.

ஆம்பியர் பற்றியும் ஒரு வார்த்தை. "ஃபாஸ்ட் சார்ஜர்" என்று விற்கிறார்கள். 30 ஆம்பியர்-ஹவர் பேக்குக்கு 6 முதல் 10 ஆம்பியர் தாராளம். பேக்கைச் செய்தவர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். அரை மணி நேரம் மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறீர்கள்?

சூட்டோடு சூடாகப் பிளக் செருகுவது

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் போவது முழுக்க ஏற்றம், ஏறக்குறைய 400 மீட்டர் உயரம் ஏறுகிறோம். போய்ச் சேரும்போது சார்ஜ் கீழே இறங்கியிருக்கும், பேக் கொதித்துக்கொண்டிருக்கும். பதற்றத்தில் உடனே சார்ஜில் போடுவார்கள். செல் 45 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதுதான் செல் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. சித்திரை வெயிலில் தகர ஷீட்டுக்கு அடியில் நின்ற வண்டி, ஓடாமலேயே அதை நெருங்கிவிடும். சீட்டைத் தூக்கி நிழலில் ஒரு மணி நேரம் விடுங்கள். பேக்கின் மேல் கை வைத்தால் வெதுவெதுப்புகூட இல்லை என்ற பிறகு போடுங்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு, ஊர் குளுமை. தர்மபுரி, அரூர் பக்கம் இருப்பவர்கள் கோடையில் மத்தியானச் சார்ஜையே மறந்துவிடலாம். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் போட்டு, படுக்கும் முன் கழற்றுவதுதான் என் பழக்கம்.

இன்னொன்று. பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் வசதி உள்ள வண்டியை ஓசூரிலேயே நூறு சதவீதம் நிரப்பிவிட்டு இறக்கத்தில் கிளம்பினால், அந்தச் சார்ஜை வாங்கிக்கொள்ள பேக்கில் இடம் இருக்காது. வழக்கமாக வரும் மோட்டார் பிடிப்பு ஆரம்பத்தில் குறையும், புதியவர்கள் திணறுவார்கள். தொண்ணூறோடு கிளம்புங்கள்.

முழுசாகத் தீர்ந்த பிறகு, முழுசாக நிரப்புவது

"ஜீரோ வரைக்கும் ஓட்டி அப்புறம் ஃபுல் பண்ணாதான் பேட்டரிக்கு நல்லது" என்ற பேச்சு பழைய நிக்கல் பேட்டரிக் காலத்தது. என்.எம்.சி.க்கு இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவே வைத்துக்கொண்டால் ஆயுள் கூடும். தூரப் பயணம் இருக்கும் நாளில் நூறு ஏற்றுங்கள், தப்பில்லை. நிரப்பி நாள் கணக்கில் நிறுத்திவைக்காமல் கிளம்பிவிட வேண்டும். எல்.எஃப்.பி. அப்படியல்ல. அதன் வோல்ட் நடுவில் கிட்டத்தட்ட ஏறாமல் இறங்காமல் நிற்பதால் மீட்டர் சதவீதம் ஏமாற்றும், அதனால் வாரம் ஒரு தடவையாவது நூறு வரை ஏற்ற வேண்டும். என்.எம்.சி. பேக்கிலும் பல பி.எம்.எஸ்.கள் உச்சியில்தான் வரிசைகளைச் சமப்படுத்தும், ஆகவே மாதம் ஒரு தடவை நிரப்புவது நல்லது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

வேண்டாம். சார்ஜருக்கென்று தனி சாக்கெட், எர்த், கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் ஸ்விட்சான எம்.சி.பி.

வாசலை அடைத்துச் சார்ஜ் போடுவது

2022 மார்ச்சில் வேலூரில், ராத்திரி வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் சிக்கி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருஷத் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் மின்சார வண்டி பேட்டரிகளின் பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-156 விதிமுறை இறுக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. அதன்படி வந்த பேக்கா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

விதிமுறை ஒருபக்கம் இருக்கட்டும். நம் ஊர் வீடுகளில் வண்டி நிற்பது நடையில், இல்லை மாடிப்படிக்கு அடியில். வீட்டுக்கு இருக்கும் ஒரே வழியும் அதுதான். லித்தியம் எரிந்தால் முதலில் ஆளைக் கொல்வது புகை. சார்ஜ் போடும் இடத்துக்கும் நீங்கள் தூங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு மூடிய கதவும், வெளியே போக இன்னொரு வழியும் இருக்க வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் வண்டி, கேஸ் சிலிண்டர், சாக்கு மூட்டை கூடாது. பேக்கிலிருந்து புகை வந்தால் மண் அள்ளிப் போட நிற்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களை வெளியே இழுத்துக்கொண்டு வந்து 101க்குப் போன் போடுங்கள்.

தார்ப்பாய் போட்டு மூடிச் சார்ஜ் போடுவது

சூடு எங்கே போகும்?

காலியாக நிறுத்திவிட்டு ஊருக்குப் போவது

பெங்களூரில் வேலை, வண்டி மட்டும் பர்கூரிலோ பாலக்கோட்டிலோ அப்பா வீட்டில். கடைசியாக ஓட்டிய நாளில் இரண்டு சதவீதம் இருந்ததா, அப்படியே நிறுத்திவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள். வண்டி ஓடாவிட்டாலும் பி.எம்.எஸ். துளித்துளியாகக் கரண்ட்டைக் குடித்துக்கொண்டிருக்கும். பொங்கலுக்கு வந்து பார்த்தால் பேக் செத்துக் கிடக்கும். என்.எம்.சி. செல் இரண்டு வோல்ட்டுக்கும் கீழே போய்க் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடே கரைய ஆரம்பிக்கும். திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகும். அன்றைக்கே ஆகவேண்டும் என்பதில்லை, ஒரு மாதம் கழித்து ராத்திரியிலும் ஆகும்.

ஊருக்குப் போகும் முன் ஐம்பது சதவீதத்தில் நிறுத்துங்கள். மெயின் எம்.சி.பி. இருந்தால் இறக்கிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை யாராவது மீட்டரைப் பார்த்து, முப்பதுக்குக் கீழே இருந்தால் திரும்ப ஐம்பதுக்கு ஏற்றட்டும்.

செத்த பேக்கை "எழுப்பித் தர்றேன்" என்று பி.எம்.எஸ்.ஸைத் தாண்டி நேராக வயர் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எழும், ரெண்டு வாரம் ஓடவும் செய்யும். என் கடையில் ஒவ்வொரு வரிசையையும் அளப்பேன். ஆழமாக இறங்கிக் கிடந்த வரிசையை மாற்றச் சம்மதித்தால் வேலையை எடுப்பேன், இல்லாவிட்டால் பேக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும்.