காய்ச்சல் மாத்திரையை விழுங்கும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

மும்பையில் மழை பிடித்துவிட்டால் எங்கள் தாராவி பக்கம் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் சுருண்டு கிடப்பார். டாக்டர் சீட்டு இல்லாமலே மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கிப் போடுவோம். அதில் தவறில்லை. அளவோடு போட்டால் காய்ச்சலும் உடம்பு வலியும் தணியும். ஆனால் போன ஜூலையில் பக்கத்து வீட்டு அத்தையின் தலைமாட்டில் மூன்று அட்டைகளைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

படி 1: அட்டையைத் திருப்புங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் பெயர் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். அத்தை காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று என்று வாங்கியிருந்தார். மூன்றிலும் பாராசிட்டமால்!

படி 2: கூட்டுங்கள். காய்ச்சல் மாத்திரை 650 மில்லிகிராம், மூன்று வேளைக்கு 1950. சளி மாத்திரையில் 500, மூன்று வேளைக்கு 1500. தலைவலிக்கு ஒரு 500. ஆக 3950. திடமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4000தான் எல்லை. மெலிந்தவர்கள், குடிப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. அத்தை நாற்பது கிலோ தேறமாட்டார். அளவு மீறினால் கல்லீரல் கெடும், முதல் நாள் வெளியே ஒன்றும் தெரியாமலும் போகலாம். அதனால் மீறிவிட்டது என்று தெரிந்தால் காத்திருக்காமல் அட்டைகளோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

படி 3: கத்தரிக்கோலைக் கவனியுங்கள். நாலு மாத்திரை கேட்டால் கடைக்காரர் அட்டையை வெட்டித் தருவார். காலாவதி தேதி அவரிடம் மிஞ்சும் துண்டோடு போய்விடும். வெட்டும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தி தடுமாறினால், "இஸ்மே பாராசிட்டமால் ஹை க்யா?" (இதில் பாராசிட்டமால் இருக்கிறதா?) என்று கேட்டாலே போதும்.

படி 4: அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டுக்கு உரிய மருந்து. கடைக்காரர் கொடுத்தாலும் வேண்டாம்.

படி 5: மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். டாக்டர் பார்க்கும்வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபன் கூடாது, ரத்தக்கசிவு அதிகமாகும். சளி மாத்திரை பலவும் தூக்கம் வரவைக்கும், போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள். பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். குழந்தைக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு.

படி 6: இரண்டு நாளில் காய்ச்சல் விடாவிட்டால் டாக்டரிடம் போங்கள். தேங்கிய மழைத்தண்ணீரில் நடந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீர் வழியாகத் தொற்றலாம். பாராசிட்டமால் சூட்டைத்தான் இறக்கும், அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது.