துணிய வெட்ட முதல் பேப்பர வெட்டுங்க: பெட்டர்ன உங்கட அளவுக்கு மாத்துற விதம்

நான் முதல் முதலா பெட்டர்ன் (துணிக்கு மேல வச்சு வெட்டுற பேப்பர் அச்சு) வச்சுத் தைச்ச டொப்பப் போட்டுக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தை மார்க்கட் பக்கம் போக, பக்கத்து வீட்டு அன்ரி கேட்டா "ஆரட சட்டை பிள்ளை இது?" எண்டு. தையல் எல்லாம் நேராத்தான் இருந்தது, ஆனா தோள் மூட்டு இறங்கி கையில நிக்குது, கழுத்து ஆவெண்டு கிடக்குது, நெஞ்சில மட்டும் அளவா இருக்கு. என்ட நெஞ்சளவு 38 இஞ்ச், பெட்டர்ன்ட அளவு சார்ட்ல 38க்கு நேரா இருந்த சைஸ அப்பிடியே வெட்டினன், அதுதான் விட்ட பிழை.

பெட்டர்ன் செய்யிற கொம்பனிகள் எல்லாம் ஒரு கற்பனை உடம்ப வச்சுத்தான் கீறுறாங்க. புர்தா எண்ட ஜெர்மன் பெட்டர்ன் கொம்பனியில சாதாரண பெண்கள் சைஸுக்கு உயரம் 168 செ.மீ., நான் 154. சிம்ப்ளிசிட்டி, மெக்கோல்ஸ், பட்டறிக், வோக் இந்த நாலும் வழமையா பிராவில சொல்லுற பி கப் அளவுக்கு, அதாவது மேல் நெஞ்சுக்கும் (கக்கத்துக்குக் கீழால சுத்தி எடுக்கிற அளவு) முழு நெஞ்சுக்கும் 2 இஞ்ச் வித்தியாசம் எண்டு கணக்குப் போட்டுக் கீறினது. எனக்கு அந்த வித்தியாசம் 4. அப்ப பிழை என்ட உடம்பிலயும் இல்ல, பெட்டர்ன்லயும் இல்ல, இடையில கொஞ்சம் வேலை இருக்கு அவ்வளவுதான்.

சாமான் பெருசா ஒண்டும் வேணாம். டேப், நீட்டு அடிமட்டம், பென்சில், செலோடேப், கொப்பிக்கு உறை போடுற பிறவுன் பேப்பர், ஒரு பழைய பெட்ஷீட். பேப்பருக்கு வேற கத்தரிக்கோல் வைங்க, துணி வெட்டுற கத்தரிக்கோலால பேப்பர் வெட்டினா அது மொட்டையாப் போயிரும். துணிக்கு புறக்கோட்டை மெயின் ஸ்ட்ரீட், அதைச் சுத்தின குறுக்குத் தெருக்கள் இருக்கு, ஆனா இப்ப போகாதீங்க, பேப்பர் வேலை முடியட்டும்.

பெட்டர்ன் பிடிஎஃப் எண்டா பிரிண்ட் எடுக்கேக்க கவனம். அதில ஒரு சோதனைச் சதுரம் இருக்கும், முதல் அந்தப் பக்கத்த மட்டும் எடுத்து அடிமட்டத்தால அளந்து பாருங்க. நான் ஒரு போட்டோகொப்பிக் கடையில முழுசையும் எடுத்து ஒட்டி முடிச்ச பிறகுதான் பாக்கிறன், 10 செ.மீ. சதுரம் 9.6 தான் இருக்கு. பக்கத்துக்கு அடங்கிற மாதிரி சுருக்கி அடிச்சிட்டாங்க. 4 மில்லிமீட்டர்தானே எண்டு விடாதீங்க, 96 செ.மீ. நெஞ்சில கிட்டத்தட்ட 4 செ.மீ. காணாமப் போகும். "100 வீதத்தில அடிங்க" எண்டு வாயத் திறந்து சொல்லிக் கேக்கணும்.

இனி அளவு. நைட்டிக்கு மேலால எடுக்காதீங்க, அந்தச் சட்டைக்கு எந்த பிரா போடுவீங்களோ அதோட எடுங்க, ஏலுமெண்டா அக்கா தங்கச்சி ஆராவது எடுக்கட்டும், மூச்ச இழுத்துப் பிடிக்கவும் வேணாம். மேல் நெஞ்சு எண்டா கக்கத்துக்குக் கீழால, நெஞ்சுக்கு மேலால டேப்பச் சுத்துறது. பிறகு முழு நெஞ்சு, அதாவது நெஞ்சு ஆகக் கூட இருக்கிற இடத்தில. இடுப்பு எங்க எண்டு தெரியாட்டி ஒரு இலாஸ்டிக்கக் கட்டிக்கொண்டு ரெண்டு பக்கமும் சரிஞ்சு பாருங்க, அது போய் நிக்கிற இடம்தான் இடுப்பு. பின் கழுத்து எலும்பில இருந்து இடுப்பு வரைக்கும் நீளம், தோளில இருந்து நெஞ்சோட உச்சிப் புள்ளி வரைக்கும் நீளம், இதையும் எழுதி வைங்க.

சைஸ் தெரிவு செய்யிறது மேல் நெஞ்ச வச்சு. என்ட மேல் நெஞ்சு 34, அதோட 2 கூட்டினா 36, அப்ப நெஞ்சு 36 எண்டு போட்டிருக்கிற சைஸ்தான் எனக்கு. தோள், கழுத்து, கை வளைவு மூண்டும் அதில சரியா வரும். அந்த மூண்டையும் பிறகு திருத்துறது பெரிய தலையிடி, நெஞ்சில 2 இஞ்ச் கூட்டுறது அவ்வளவு கஷ்டம் இல்ல.

அகலத்தில கை வைக்க முதல் நீளத்த முடிங்க. பெட்டர்ன்ல நெஞ்சுக்கும் இடுப்புக்கும் இடையில நீட்ட, குறைக்க எண்டே குறுக்கால கோடு போட்டிருப்பாங்க. 1 இஞ்ச் குறைக்கணும் எண்டா அந்தக் கோட்டுக்கு 1 இஞ்ச் மேல இன்னொரு கோடு கீறி, ஒண்ட மற்றதுக்கு மேல வச்சு மடிச்சு ஒட்டுங்க. நீட்டணும் எண்டா வெட்டி இடையில பேப்பர் வைங்க. முன் துண்டில செஞ்சத பின் துண்டிலயும் செய்யணும், இல்லாட்டி பக்கத் தையல் சேராது. எல்லாத்தையும் கீழ் விளிம்பில வெட்டினாப் போச்சு எண்டு நினைக்காதீங்க, இடுப்பு வளைவு அப்பிடியே இறங்கி ஹிப்ல போய் நிக்கும்.

இனித்தான் நெஞ்சு. மேல சொன்ன என்ட கணக்கில சைஸ் 36, நெஞ்சு 38, அப்ப 2 இஞ்ச் காணாது, பேப்பர்ல இருக்கிறது பாதி முன் பக்கம் மட்டும், அதால 1 இஞ்ச் கூட்டினாக் காணும். பேப்பர உடம்பில பிடிச்சு உச்சிப் புள்ளிய அடையாளம் போடுங்க. அதில இருந்து கீழ் விளிம்பு வரைக்கும் நேரா ஒரு கோடு, அதே புள்ளியில இருந்து கை வளைவோட கீழ்ப் பகுதிக்குச் சரிவா ஒரு கோடு, பக்க டார்ட்டோட (நெஞ்சு வளைவுக்காகப் பக்கத்தில இருந்து பிடிச்சுத் தைக்கிற முக்கோண மடிப்பு) நடுவால புள்ளி வரைக்கும் இன்னொரு கோடு. கீழ இருந்து புள்ளி வரைக்கும் வெட்டி, அப்பிடியே திரும்பி கை வளைவு வரைக்கும் போங்க, ஆனா கடைசியில ஒரு நூல் அளவு விட்டு நிப்பாட்டுங்க, கதவுப் பிணைச்சல் மாதிரி அது பிடிச்சுக்கொண்டு நிக்கணும். டார்ட் கோட்டையும் பக்கத்தில இருந்து வெட்டி புள்ளிக்குக் கிட்ட நிப்பாட்டுங்க.

இப்ப பக்கத் துண்ட மெதுவா வெளியால இழுங்க. நேர் கோட்டில ரெண்டு விளிம்புக்கும் இடையில மேலயும் கீழயும் ஒரே மாதிரி 1 இஞ்ச் வர, டார்ட் தானா விரியும், பக்கத் துண்டு கீழ இறங்கி நிக்கும். பழுதாக்கிட்டன் எண்டு நான் பேப்பரக் கசக்கி எறிஞ்சது இந்த இடத்திலதான், ஆனா அது அப்பிடித்தான் வரும். நடுத் துண்டில புள்ளிக்குக் கீழ குறுக்கால வெட்டி, அந்தக் கீழ்த் துண்ட மற்றதோட சமனா வரும் வரைக்கும் இறக்குங்க. அடியில பிறவுன் பேப்பர் வச்சு எல்லாத்தையும் ஒட்டுங்க. டார்ட்ட புதுசாக் கீறேக்க அதோட முனை உச்சிப் புள்ளிக்கு 1 இஞ்ச் முன்னாலயே முடியணும், புள்ளியிலயே முடிஞ்சா கூரா துருத்திக்கொண்டு நிக்கும். கை வளைவோட நீளம் மாறாததால கைத் துண்டத் தொடத் தேவையில்ல.

இடுப்புக்குக் கணக்கு லேசு. தேவையானத நாலாப் பிரிங்க. 2 இஞ்ச் கூட்டணும் எண்டா ஒவ்வொரு பக்க விளிம்பிலயும் அரை இஞ்ச், கக்கத்தில இருந்து மெதுவா வளைச்சுக் கொண்டு போங்க. நெஞ்சில கூட்டேக்க முன் இடுப்பும் சேர்ந்து கூடியிருக்கும், அதையும் கணக்கில எடுங்க. சட்டை உடம்பளவாவே இருக்கக் கூடாது, இழுபடாத துணி எண்டா நெஞ்சில ஆகக் குறைஞ்சது 2 இஞ்ச் தளர்வு வேணும், கொழும்பு வேர்வைக்கு நான் 3 விடுவன்.

பிறகு பெட்ஷீட்ல வெட்டி, பெரிய தையலாப் போட்டு உடுத்திப் பாருங்க. கண்ணாடிக்கு முன்னால சும்மா நிண்டாக் காணாது, இருங்க, குனியுங்க, 100ஆம் நம்பர் பஸ்ஸில மேல் கம்பியப் பிடிக்கிற மாதிரி கையத் தூக்குங்க. நெஞ்சுக்குக் குறுக்கால இழுத்த கோடு விழுந்தா அகலம் காணாது, பின் இடுப்புக்கு மேல மடிப்பு மடிப்பா இருந்தா நீளம் கூட. மாத்தினத உடனயே பேப்பர்லயும் எழுதுங்க, திகதியோட.

துணிய வெட்ட முதல் ஒருக்காத் தோச்சுக் காய விடுங்க, கொட்டன் சுருங்கும். இன்னொண்டு, புர்தா இதழ்ல வாற பெட்டர்ன்ல தையலுக்கு விடுற இடம் சேர்க்காமத்தான் இருக்கும், சுத்திவர 1.5 செ.மீ. நீங்கதான் கீறணும். பெட்ஷீட் சட்டைய எறியாதீங்க, என்டது இப்ப வீட்டில போட்டுச் சமைக்கிற சட்டை.