பழைய ஆப்டிபிளெக்ஸில் கிராஃபிக்ஸ் கார்டு போட நினைக்கிறீர்களா? முதலில் எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படியுங்கள்

ஆபீஸ்களில் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010, 9020 கம்ப்யூட்டர் டவர்கள் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு எஸ்எஸ்டி மாட்டினால் வீட்டு வேலைக்குத் தாராளம். கொஞ்ச நாளில் கேம் ஆசை வரும், யூடியூபில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் ஓடுகிறது) பார்த்துவிட்டு கார்டை ஆர்டர் போட்டுவிடுவார்கள், அது கைக்கு வந்த பிறகுதான் கேபினட்டையே திறப்பார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

மூடியைத் திறந்து, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 7010 டவரில் 275 வாட், 9020 டவரில் 290 வாட் என்று இருக்கும். அந்தப் பெரிய எண்ணை விட 12 வோல்ட்டில் எத்தனை ஆம்ப் தருகிறது என்பதுதான் முக்கியம், பிராசசரும் கார்டும் கரண்ட் இழுப்பது பெரும்பாலும் அதிலிருந்துதான். ஆம்பை 12ஆல் பெருக்கினால் வாட் வந்துவிடும், 18 ஆம்ப் என்றால் 216 வாட். 12 வோல்ட் இரண்டு வரிசையாகப் பிரிந்திருந்தால் இரண்டையும் கூட்டிவிடாதீர்கள், இரண்டுக்கும் சேர்த்து ஒரு உச்சவரம்பு தனியாகப் போட்டிருப்பார்கள், அதுதான் கணக்கு. கையில் தூக்கினால் எடையே தெரியாத "450 வாட்" லோக்கல் எஸ்எம்பிஎஸ்களிலும் இதையே பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்து, கார்டுக்கென்று 6 பின் அல்லது 8 பின் கேபிள் வருகிறதா? பழைய ஆபீஸ் டவர்களில் பெரும்பாலும் வராது. அப்படியென்றால் மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுதான் வாங்க முடியும். என் தேர்வு ஆர்டிஎக்ஸ் 3050, ஆனால் 6 ஜிபி மாடல் மட்டும். அது 70 வாட்தான். அதே பெயரில் இருக்கும் 8 ஜிபி கார்டு 130 வாட், தனி பவர் கேபிள் கேட்கும், கடையில் மாற்றிக் கொடுத்துவிடப் போகிறார்கள், பெட்டியைப் படித்து வாங்குங்கள். ஜிடிஎக்ஸ் 1650-இல் பவர் பின் உள்ளது, இல்லாதது என இரண்டு வகை உண்டு. ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட், ஆனால் அது பிசிஐஇ-யில் (கார்டு மாட்டும் ஸ்லாட்) 4 லேன், அதாவது 4 டேட்டா பாதை, மட்டுமே பயன்படுத்துகிறது, அதனால் பழைய, வேகம் குறைந்த பிசிஐஇ இருக்கும் ஐ5-2400 மாதிரி இரண்டாம் தலைமுறை பிராசசர் உள்ள மெஷினில் போட்டால் நன்றாகவே அடிவாங்கும். செகண்ட் ஹேண்ட் 1050 டிஐ இன்னும் சுற்றுகிறது, என்விடியா அந்தத் தலைமுறைக்கு கேம் டிரைவர் கொடுப்பதை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, ரொம்பச் சல்லிசாகக் கிடைத்தால் ஒழிய வேண்டாம்.

இதெல்லாம் முழு டவருக்கு. ஒல்லியான எஸ்எஃப்எஃப் (ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர்) பெட்டி என்றால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டுதான் உள்ளே போகும்.

இதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ் மாற்றியே ஆக வேண்டும். நான்காம் தலைமுறை ஐ5-க்கு ஆர்எக்ஸ் 6600-ஐத் தாண்டிப் போவது வீண், பிராசசர் ஈடுகொடுக்காது. அந்தக் கார்டு 132 வாட், ஏஎம்டி குறைந்தது 450 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்கிறது, ஒரு நல்ல 550 வாட் வாங்கினால் கவலையில்லை. 80 பிளஸ் புரோன்ஸ் (Bronze) என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான முத்திரை மட்டுமே, நான் வாரண்டி எத்தனை வருஷம் என்றுதான் பார்ப்பேன். 7010 டவரின் மதர்போர்டில் சாதாரண 24 பின் கேபிளே பொருந்தும். 9020-இல் டெல்லின் சொந்த 8 பின் சாக்கெட், அதற்கு 24-இலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டரை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ஹெச்பி, லெனோவா ஆபீஸ் மெஷின்களிலும் இந்த மாதிரி தனி வழி உண்டு. அப்புறம், ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவரை 6 பின்னாக மாற்றும் வயர் ஒன்று விற்கிறார்கள், அதைத் தொடவே வேண்டாம். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட், 6 பின் கேட்பது 75 வரை. பிளாஸ்டிக் உருகும்.

சரி, வேலைக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். பழைய கேபிள்கள் போகும் வழியை போனில் படம் எடுங்கள். கேபினட் இரும்பைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பின்பக்க 4 திருகைக் கழற்றினால் எஸ்எம்பிஎஸ் வெளியே வந்துவிடும், ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் பிரிக்காதீர்கள், உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். புதியதில் பிராசசர் கேபிள் 4+4 என்று பிரியும், போர்டில் 4 பின்தான் இருந்தால் ஒரு பாதியை மட்டும் செருகுங்கள். கார்டுக்குப் போகும் 8 பின் வேறு, பிராசசர் 8 பின் வேறு, அழுத்தி நுழைக்க வேண்டியிருந்தால் தப்பான கேபிள். மாடுலர் வகை (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டலாம்) வாங்கினால் அதோடு வந்த கேபிள்களை மட்டும் போடுங்கள், வேறு பிராண்டின் கேபிள் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் உள்ளே வயர் வரிசை மாறியிருந்தால் ஹார்ட் டிஸ்க் போய்ச் சேரும்.

கார்டைச் செருகும்போது ஸ்லாட் முனை கிளிப் 'கிளிக்' என்று பூட்ட வேண்டும், பிறகு பின்தகட்டில் திருகு. மானிட்டர் கேபிளை கார்டில் மாட்டுங்கள், பழைய இடத்திலேயே விட்டுவிட்டு டிஸ்ப்ளே வரவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் என்றால் புது கார்டில் அது இருக்காது, ஹெச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து விஜிஏ மாற்றும் அடாப்டர் வேண்டும். பவர் பட்டன் ஆரஞ்சு நிறத்தில் மின்னினால் முதலில் கேபிள்களை மறுபடி அழுத்திப் பாருங்கள்.

முன்பு வேறு கம்பெனி கார்டு இருந்தால் சேஃப் மோடில் டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) போட்டுப் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள், இன்டெல் கிராஃபிக்ஸ் மட்டும் இருந்திருந்தால் அது தேவையில்லை. பிறகு கனமான ஒரு கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் சூட்டைக் கவனியுங்கள். சூடு ஏறிக்கொண்டே போனால் கேபினட்டில் காற்றோட்டம் போதவில்லை. சூடு குறைவாக இருக்கும்போதே சட்டென்று ரீஸ்டார்ட் ஆனால் முதல் சந்தேகம் பவர் மேல்தான். யுபிஎஸ்ஸையும் சேர்த்துப் பாருங்கள், வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுதான், அதில் மானிட்டரும் மோடமும் சேர்ந்து தொங்கினால், வயதான பேட்டரி என்றால், கேம் நடுவில் கரண்ட் போகும்போது எல்லாமே அணைந்துவிடும்.